ஏவியவர்களின் அருங்காட்சியகம்

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் கையில் வைத்திருக்கிற சுற்றுலாக் கையேடு ஒன்றை வாங்கிப் பாருங்கள். செண்பகனூர் அருங்காட்சியகம் என்ற இடத்தில் ஏறக்குறைய இந்த வரிசைதான் இருக்கும். முதலில் பாடம் பண்ணி வைத்த விலங்குகள், பறவைகள், பாம்புகள். பிறகு பட்டாம்பூச்சிகள். பிறகு 300க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகள். கடைசியில், இந்த மலையில் வாழ்ந்த பளியர், புலையர் என்ற ஆதிக்குடிகளின் தொல்பொருட்கள். சிறுத்தைக்குப் பிறகு, பாம்புக்குப் பிறகு, பூவுக்கும் பிறகு நம்ம சனங்க வர்றாங்க. அதுவும் 'வாழ்ந்த' என்ற இறந்தகாலத்தில்தான் வர்றாங்க.

இந்த இறந்தகாலம் பொய். பளியர்கள் இன்றைக்கும் இந்த மலையில் தேனெடுக்கிறார்கள், காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார்கள், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார்கள். மலைப்புலையர்கள் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடக்கிறார்கள். உயிரோடு இருக்கிறவர்களைக் கல்திட்டையோடும் பானையோடும் சேர்த்துப் பார்க்கப் பழக்குகிற இந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது? இதை ஒரு ஊரின் ஒரு அருங்காட்சியகத்துப் பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என் ஊர்ப்பக்கத்திலிருந்து தொடங்குவதே நியாயம். என் அம்மாச்சி வீடு வட்டக்கானலில் இருக்கிறது. டால்பின் மூக்குக்குப் போகிறவர்கள் நின்று தேநீர் குடிக்கிற அதே வட்டக்கானல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செண்பகனூரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. 1895இல் சேசு சபையார் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியைச் சேர்ந்த அந்தச் சேகரிப்பு பெரிய உழைப்பு. அங்கே இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆங்க்லேட் இந்த மலையின் செடிகளை வரைந்து வைத்தார். நியூட்டன் என்ற இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து பழனி மலையின் கல்திட்டைகளைப் பற்றி அவர் எழுதியதை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அந்த வேலை நடக்காமல் போயிருந்தால் பேத்துப்பாறையிலும் தாண்டிக்குடியிலும் கிடக்கிற கற்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது இன்னும் குறைவாக இருந்திருக்கும். இப்படிப்பட்ட சேகரிப்புகள் இருக்க வேண்டும். நான் கேட்பது வேறு. அந்தப் பாதிரியாரைக் கல்திட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்? புதரை வெட்டி வழி விட்டது யார்? எந்தச் செடி எந்தச் சோலையில் எந்த மாதம் பூக்கும் என்று அவருக்குச் சொன்னது யார்?

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். இலக்கணம் எனக்குச் சோறு போடவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் கைகொடுக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள் படித்திருப்பீர்கள். கருத்தாவில் இரண்டு வகை உண்டு. 'அரசனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. அவன் கல் சுமக்கவில்லை, சொன்னான், அவ்வளவுதான். 'தச்சனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. கை வைத்துச் செய்தவன் அவன். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். எழுதிவிட்டு மறந்துவிடுவோம். ஆனால் இந்த நாட்டின் வரலாற்றுப் பலகைகளை இந்த இரண்டு மதிப்பெண் கேள்வியை வைத்தே வாசித்துவிடலாம்.

கொடைக்கானலின் வரலாறு என்று எல்லா இடத்திலும் சொல்லப்படுவதைப் பாருங்கள். 1821இல் லெப்டினன்ட் வார்டு மலையை அளந்தார். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். 1872இல் கோக்கர் மலைவிளிம்பில் நடைபாதை போட்டார். 1908இல் பிரையண்ட் பூங்கா அமைத்தார். மலைச்சாலைக்கு மேஜர் லா பெயர். இத்தனை வாக்கியத்திலும் எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. ஆனால் எல்லாமே ஏவுதற் கருத்தா. லெவிஞ்ச் மதுரைக் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடையை மறித்துக் கரை போட மண்கூடை சுமந்தது அவர் தலை இல்லை.

1910களின் நடுவில் மோட்டார் சாலை முடிகிற வரைக்கும் வெள்ளைக்காரர்கள் இந்த மலைக்கு எப்படி வந்தார்கள்? ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து குதிரைப்பாதையில் ஏறினார்கள். குதிரை ஏறாதவர்களை டோலியிலும் நாற்காலியிலும் வைத்து மனிதர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துரைசானி, குழந்தை, பியானோ, கட்டில், ஜன்னல் கண்ணாடி எல்லாம் மனிதத் தோளிலும் மாட்டு முதுகிலும் ஏறியவைதான். 1899இல் வானியல் ஆராய்ச்சியும் சூரிய ஆராய்ச்சியும் சென்னையிலிருந்து இந்த மலைக்கு மாறின. அந்த ஆண்டில் சாலை ஏது? தொலைநோக்கி தானாக ஏறி வரவில்லை. அந்த ஆய்வகத்தில் 1909இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளியே பாய்வதைக் கண்டார். உலகம் அதை 'எவர்ஷெட் விளைவு' என்று அவர் பேராலேயே சொல்கிறது. சொல்லட்டும். நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். கண்ணாடியைச் சுமந்த தோளுக்கு ஒரு படம் வேண்டாமா?

பழைய குறிப்புகளில் அவர்கள் வரத்தான் செய்கிறார்கள். 'கூலிகளால் கொண்டுவரப்பட்டது' என்று வருகிறார்கள். இங்கேதான் இலக்கணம் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. 'ஆல்' என்ற உருபு கருத்தாவுக்கும் வரும், கருவிக்கும் வரும். 'கயிற்றால் இழுக்கப்பட்டது', 'கூலியால் இழுக்கப்பட்டது' என்ற இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. அந்த வாக்கியத்தை எழுதியவன் மனசில் கூலி கருத்தாவா கருவியா? கயிற்றுக்குப் பெயர் வைக்க மாட்டோம். அவனுக்கும் வைக்கவில்லை.

இனி புலையர் விஷயத்துக்கு வருகிறேன். 1868இல் நெல்சன் மதுரை நாட்டைப் பற்றி எழுதிய நூலையும், 1906இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட விவரச்சுவடியையும் எடுத்துப் பாருங்கள். மலையின் பழைய குடிகளான புலையர்கள் கீழேயிருந்து ஏறி வந்த குன்னுவர் நிலங்களில் பண்ணை அடிமைகளாக வேலை செய்த செய்தி அவற்றில் வருகிறது. அடிமைத்தனத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1843இல் கும்பினி அரசு சொன்னது. சொன்னதும் மண்ணும் மாடும் கைமாறிவிடுமா என்ன? ஆக, விவரச்சுவடியில் அவர்கள் அடிமைகள். இன்றைய அரசுப் பட்டியலில் புலையர் பட்டியல் சாதி, பளியர் பட்டியல் பழங்குடி. மலையில் இருக்கிற புலையர்கள் தங்களைப் பழங்குடியில் சேர்க்கச் சொல்லிப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுற்றுலாக் கையேட்டிலோ அவர்கள் ஏற்கனவே ஆதிக்குடி. ஒரே சனம், மூன்று அலமாரி. கண்ணாடிக்குள்ளே பழங்குடி, தாலுகா ஆபீஸில் பட்டியல் சாதி, பழைய புத்தகத்தில் அடிமை.

இந்த மூன்றில் எதை எடுத்துக் காட்சிக்கு வைக்கிறார்கள் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. பழங்குடி என்றால் பானை, கல், அம்பு என்று அழகாக அடுக்கி வைக்கலாம். பார்க்கிறவனுக்குக் குற்றவுணர்ச்சி வராது. அடிமை என்று எழுதினால் 'யாருக்கு அடிமை?' என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டுவிடும். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் நிலம் யார் கையில் இருக்கிறது என்பது வரைக்கும் போகும்.

அருங்காட்சியகத்துக்கும் நமக்கும் இருக்கிற உறவு ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், உயிரோடிருந்த மனிதர்களின் தலையையும் மூக்கையும் இடுக்கி வைத்து அளந்தவர். அந்த அளவுகளும் குறிப்புகளும் 1909இல் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளாக அகரவரிசையில் வந்தன. இன்றைக்கும் நம்மில் யாராவது தன் சாதியைப் பற்றி ஆய்வு செய்யப் போனால் முதல் அடிக்குறிப்பு தர்ஸ்டன்தான். அளந்தவன் பெயர் ஏழு தொகுதியிலும் இருக்கிறது. அளக்கப்பட்ட மூக்குகளுக்குச் சாதிப் பெயர் மட்டும் மிச்சம்.

இதெல்லாம் எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். மேடையிலும் பேசியிருக்கிறேன். ஆனால் போன ஏப்ரல் 14க்கு முன்னால், இதில் பாதிதான் எனக்கு விளங்கியிருந்தது.

அண்ணல் பிறந்தநாளுக்கு வட்டக்கானலில் வழக்கமாக மைக்செட் கட்டுவார்கள், படத்துக்கு மாலை போடுவார்கள், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள். இந்தத் தடவை ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று சொன்னது நான்தான். 'செண்பகனூரில் நம்ம பானை இருக்கு, நாம இல்ல. நாமளே நம்மளை வைப்போம்' என்றேன். பையன்களுக்கும் பிடித்துப் போனது. வீடு வீடாகப் போய்ச் சாமான் கேட்டோம். களைக்கொத்து, மண்வெட்டி, கிழிந்த கம்பளி, உருளைக்கிழங்கு மூட்டை சுமந்த சும்மாடு எல்லாம் வந்தன. இலங்கை மலையகத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், மண்டபம் முகாமில் வாங்கிய குடும்ப அட்டையைப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்து கொடுத்தார். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட, தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேற்றப்பட்ட இலட்சக்கணக்கானவர்களில் ஒருவர் அவர். இந்த மலைக்கு வந்து அவர் பார்த்த வேலை வாட்டில் மரம் வெட்டுவது.

என் அம்மாச்சியும் அதே வேலைக்குத்தான் கீழேயிருந்து மலையேறியது. வாட்டில் மரத்தை வெட்டிச் சாய்த்து, பட்டையை உரித்து, கட்டுக்கட்டித் தலையில் சுமந்து லாரி நிற்கிற இடத்தில் சேர்க்க வேண்டும். பட்டை தோல் பதனிடுகிற இடங்களுக்குப் போகும். தோலைத் தொட்டவனைத் தீட்டு என்று சொன்ன நாட்டில், தோலுக்குப் பட்டை உரித்தவளும் நம்ம ஆள்தான்.

அம்மாச்சி வீட்டுக் கூரை இடுக்கில் ஒரு சிரட்டை இருக்கும். சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். கீழே சொந்த ஊர் டீக்கடையில் நம்ம தெரு ஆட்களுக்கு அதில்தான் ஊற்றினார்கள். கடைக்கு வெளியே ஓலையில் செருகியிருக்கும். நாமே எடுத்து, குடித்து, கழுவி, திரும்பச் செருக வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்றைக்கு அம்மாச்சி அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. 'அடுத்தவளுக்கு அதுல ஊத்தக் கூடாதுல்ல, அதான்' என்று சொல்லும். கண்காட்சியின் நடுவில் அந்தச் சிரட்டையை வைக்க வேண்டும் என்று நான் முடிவே பண்ணிவிட்டேன். கீழே எழுத வேண்டிய வாசகம்கூட மனசில் தயாராக இருந்தது.

அம்மாச்சி கொடுக்கவில்லை.

"எதுக்கு அது?"

"காட்சிக்கு வைக்க, அம்மாச்சி. நமக்கு எதுல குடுத்தாங்கன்னு எல்லாரும் பாக்கட்டும்."

"பாத்து?"

"தெரிஞ்சுக்கிருவாங்க."

"தெரிஞ்சு பாவம்னு சொல்லிட்டுப் போவாக. அவக பாவம் எனக்கு என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தது. பிடி தேய்ந்து கைக்கு ஏற்றாற்போலப் பள்ளமாகிக் கிடந்தது. "இந்தா, இதை வையி. இது நான் செஞ்சது. செரட்டை நான் செஞ்சதா? அது அவன் செஞ்சது. அவன் வீட்டுல வைக்கச் சொல்லு."

எம்.ஏ.வில் நான் படித்த கருத்தாவை அம்மாச்சி எனக்குத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது. அரிவாளுக்கு இயற்றுதற் கருத்தா அது. சிரட்டைக்குக் கருத்தா வேறொருவன். நான் எழுதி வைத்திருந்த வாசகம் 'தலித்துகளுக்குத் தேநீர் வழங்கப்பட்ட சிரட்டை' என்பது. வழங்கப்பட்டதாம்! யார் வழங்கினான்? என் வாக்கியத்தில் அவன் இல்லை. நம் அவமானத்தை நடுவில் தூக்கி வைத்துவிட்டு, அவமானப்படுத்தியவனைப் பத்திரமாக வெளியே அனுப்பியிருக்கிறேன். செண்பகனூரைப் பற்றி மேடையில் பேசிய அதே ஆள்தான் நான்.

இது என் ஒருத்தியின் தப்பு மட்டுமில்லை என்று இப்போது தோன்றுகிறது. பெருமை என்றால் ஏவியவன் பெயர் பலகையின் உச்சியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது: லெவிஞ்ச் ஏரி, பிரையண்ட் பூங்கா. கொடுமை என்றால் அதே ஏவியவன் வாக்கியத்தைவிட்டு இறங்கிப் போய்விடுகிறான். 'வழங்கப்பட்டது', 'மறுக்கப்பட்டது', 'ஒதுக்கப்பட்டனர்' என்று செயப்பாட்டுவினை மட்டும் மிஞ்சுகிறது. 'ஒடுக்கப்பட்டோர்', 'தாழ்த்தப்பட்டோர்' என்று நமக்கு வைத்த பெயர்களிலும் அந்தப் 'பட்ட' இருக்கிறது. ஒடுக்கியவர், தாழ்த்தியவர் என்ற பெயரில் யாருக்காவது ஒரு சான்றிதழ் உண்டா?

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம். செய்தித்தாள்கள் எல்லாம் 'மலம் கலக்கப்பட்டது' என்றே எழுதின. இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில் எழுவாயைக் கண்டுபிடித்துவிட்டதாக சிபிசிஐடி சொன்னது. குற்றப்பத்திரிகையில் இருந்த 3 பேரும் தலித்துகள். அந்தத் தெரு சனங்கள் அதை ஏற்கவில்லை. வாக்கியத்தில் ஆளில்லாத இடத்துக்கு ஆள் தேடினால் அதுவும் நம்ம தெருவிலிருந்துதான் கிடைக்கிறது.

கண்காட்சிக் குழுவில் இருந்த கல்லூரிப் பையன் ஒருவன் அம்மாச்சியின் பேச்சை ஏற்கவில்லை. "சிரட்டையை வைக்கலைன்னா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னுடுவாங்க அக்கா. அது நமக்குச் சாட்சி" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேங்கைவயலுக்கு ஆய்வுக்குப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பக்கத்து டீக்கடையில் இரட்டைக் குவளையை நேரில் பார்த்து வழக்குப் போட வைத்தார்கள். 2022இல்! வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் சிரட்டை அருங்காட்சியகத்துக்குப் போகிற பழம்பொருள் ஆகவே இல்லை. அது இன்னும் தடயப் பொருள். தடயப் பொருளை எடுத்து வைத்தால் குற்றவாளி யார் என்ற பத்தியையும் நிரப்பித்தானே ஆகவேண்டும்?

அம்மாச்சி சொன்னது நடக்காத காரியமும் இல்லை. அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம் இங்கிலாந்தின் லிவர்பூல். அந்த ஊரிலேயே, அந்தத் துறைமுகத்திலேயே 2007இல் அடிமைத்தனத்துக்கான அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். செய்தவன் ஊரில் வைத்திருக்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் 2001இல் திறந்த நிறவெறி அருங்காட்சியகத்தில், சீட்டு வாங்கும்போதே உங்களை 'வெள்ளையர்' என்றோ 'வெள்ளையரல்லாதார்' என்றோ பிரித்துத் தனித்தனி வாசலில் விடுகிறார்கள். பார்க்க வந்தவன் 'ஐயோ பாவம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டம் ஆளைப் பிரித்ததைத் தன் காலால் நடந்து பார்க்க வேண்டும். இங்கே மதுரையில் 1959இல் திறந்த காந்தி அருங்காட்சியகத்தில் அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக் கறைபட்ட துணி இருக்கிறது. அந்தத் துணி முன்னால் நிற்கிற எவருக்கும் சுட்டவன் பெயர் தெரியும். கோட்சே என்ற பெயர் இல்லாமல் அந்தக் கறைக்கு அர்த்தம் கிடையாது. அப்படியென்றால் சிரட்டைக்கு மட்டும் பெயர் வேண்டாமா?

வட்டக்கானலைச் சுற்றியே இன்னும் எவ்வளவோ பொருட்கள் காத்திருக்கின்றன. எங்கள் ஊர்ப்பக்கத்து அருவியை எல்லோரும் 'லிரில் அருவி' என்கிறார்கள். சோப்பு விளம்பரப் படம் எடுத்ததால் வந்த பெயர். பாம்பாறு என்ற பெயர் பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது. அந்தச் சோப்பு ஹிந்துஸ்தான் லீவருடையது. பாம்பாற்றுச் சோலையை ஒட்டி 1980களில் தொடங்கி, பின்னால் அதே கம்பெனியின் கைக்கு வந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் பெயர் எந்த அருவிக்கும் வைக்கப்படவில்லை. 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் பிடிபட்டு, அந்த ஆலை மூடியது. உடம்பு கெட்டுப்போனதாகத் தொழிலாளர்கள் சொன்னதைக் கம்பெனி மறுத்தபடியே இருந்து, 15 வருஷம் கழித்து, 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்தது. கொடைக்கானலின் வரலாற்றை யார் காட்சிக்கு வைத்தாலும் ஒரு உடைந்த வெப்பமானி அதில் இருக்க வேண்டும். அதன் கீழே 591 பேர் கணக்கும் இருக்க வேண்டும், கம்பெனியின் பெயரும் இருக்க வேண்டும்.

செண்பகனூரோ, எழும்பூரோ, நாளைக்கு நாம் வைக்கப் போகிற சின்னக் கண்காட்சியோ, எதற்கும் நான் வைக்கிற கோரிக்கை இதுதான். புதுக் கட்டடம் வேண்டாம். பொருளுக்குக் கீழே இருக்கிற அட்டையை மாற்றி எழுதுங்கள். சேகரித்தவர் பெயரோடு வழிகாட்டியவர், தோண்டியவர், சுமந்தவர் யார் என்றும் எழுதுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் 'பெயரை எழுதி வைக்கவில்லை' என்றாவது எழுதுங்கள், அதுவும் வரலாறுதான். புலையர் என்று எழுதினால் அவர்களை அடிமையாக வைத்திருந்தவர் யார் என்று எழுதுங்கள். 'வாழ்ந்தனர்' என்பதை அடித்துவிட்டு 'வாழ்கிறார்கள்' என்று எழுதுங்கள். கீழடி அருங்காட்சியகத்தை 2023இல் திறந்தபோது இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பானையோட்டில் 'ஆதன்' என்று கீறியிருப்பதைப் பார்க்கத் தமிழ்நாடே திரண்டு போனது. ஒரு சாதாரண மனுஷன் தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்ததற்கு இவ்வளவு மரியாதை உண்டென்றால், நம்ம பெயரைக் கீறி வைக்க நமக்கு என்ன தயக்கம்?

கடைசியில் நாங்கள் வைத்த கண்காட்சி ஒரு அறைதான். நான்கு பெஞ்சு, இரண்டு வெள்ளை வேட்டி. நடு மேசையில் சிரட்டைக்கு ஒரு இடத்தைக் காலியாக விட்டோம். அங்கே வைத்த அட்டையில், 'இங்கே ஒரு சிரட்டை இருக்க வேண்டும். அதில் டீ ஊற்றியவர் வீட்டிலிருந்து அது வர வேண்டும். காத்திருக்கிறோம்' என்று எழுதியிருந்தோம். அந்தக் காலி இடத்துக்கு முன்னால்தான் ஆட்கள் ரொம்ப நேரம் நின்றார்கள். எங்க ஊரில் சிரட்டை, எங்க ஊரில் அலுமினியத் தம்ளர், எங்க ஊரில் இப்ப பேப்பர் கப்பு, அவங்களுக்கு மட்டும் கண்ணாடித் தம்ளர் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னதையெல்லாம் அந்தக் கல்லூரிப் பையன் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். வர வேண்டியவர்கள் யாரும் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சாயங்காலம் நோட்டை மூடும்போது அவன் என்னிடம், "சாட்சி கிடைச்சிருச்சுக்கா. ஆனா எதிரிதான் ஆஜராகல" என்றான்.

அரிவாளுக்குக் கீழே இருந்த அட்டையில் உரித்தவர் என்று அம்மாச்சியின் முழுப்பெயரை எழுதியிருந்தேன். 'உரிக்கச் சொன்னவர்: குத்தகைதாரர். கூலியைத் தீர்மானித்தவர்: குத்தகைதாரர்' என்றும் எழுதியிருந்தேன். அம்மாச்சிக்கு வாசிக்கத் தெரியாது. தன் அட்டையை வாசிக்கச் சொல்லிக் கேட்டது. வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னது. வாசித்தேன்.

"குத்தகைதாரன்னா எந்தக் குத்தகைதாரன்? அவனுக்குப் பேரு இல்லையா?"

இருக்கிறது. எனக்கும் தெரியும். அந்தக் குடும்பம் இன்றைக்கும் இந்தப் பக்கம் செல்வாக்கான குடும்பம். எங்கள் ஊரில் சில பேருக்கு அவர்கள் விடுதியில்தான் வேலை. அதனால்தான் எழுதாமல் விட்டிருந்தேன். அம்மாச்சியிடம் அதைச் சொன்னேன்.

"என் பேரை எழுதையில உனக்குப் பயமா இருந்துச்சா? இல்லைல்ல. பெறகு அவன் பேருக்கு மட்டும் என்ன?" என்றது.

பையனிடம் பேனா வாங்கி எழுதினேன். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த ஏப்ரலுக்கும் வைப்போம்.